உபுண்டு 24.04: ஆப்இமேஜை மெனுவுக்குள் கொண்டுவருவது எப்படி?

படம் வரைய எனக்குக் கிரிட்டாவின் புதிய பதிப்பு வேண்டியிருந்தது. அவர்கள் தளத்திலேயே ஆப்இமேஜாக, அதாவது நிறுவாமலே ஓடும் தனிக் கோப்பாக, தருகிறார்கள். ஒரே கோப்பு, வேண்டாமென்றால் அழித்துவிடலாம். உபுண்டுவின் சொந்த நிறுவல் முறையான ஸ்னாப்பைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அது தானாக மெனுவில் வந்து உட்காராது.

முதலில் ஹோமுக்குள் ஆப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, கோப்பை அங்கே நகர்த்துங்கள். பெயரில் உள்ள பதிப்பு எண்ணை நீக்கிவிடுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது அதே பெயரில் மாற்றி வைத்தால் போதும். அப்புறம் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் 'எக்ஸிக்யூட்டபிள் ஆஸ் புரோகிராம்' என்பதை ஆன் செய்யுங்கள்.

இரட்டைக் கிளிக் செய்தும் திறக்கவில்லையா? டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். லிப்ஃபியூஸ் (ஆப்இமேஜ் திறக்கத் தேவையான துணை நிரல்) இல்லை என்று சொன்னால், டெர்மினலில் நிரல்களை நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக லிப்ஃபியூஸ்2டி64 நிறுவுங்கள். 22.04-ல் அதன் பெயர் வெறும் லிப்ஃபியூஸ்2. தயவுசெய்து ஃபியூஸ் என்ற பெயரில் மட்டும் இருக்கும் பேக்கேஜை நிறுவாதீர்கள். அது ஃபியூஸ்3-ஐ நீக்கி, அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பகுதிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

இனி மெனு. ஹோமில் கண்ட்ரோல்+எச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று உள்ளே போய், டாட் டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்பை நானோ என்ற டெர்மினல் எடிட்டரில் எழுதுங்கள். தொடங்குபவர்களுக்கு விம் வேண்டாம். முதல் வரியில், சதுர அடைப்புக்குள், டெஸ்க்டாப் என்ட்ரி. அதன் கீழே டைப் (அப்ளிகேஷன்), நேம், எக்ஸெக், ஐகான் என்று நான்கு வரிகள்.

என் ஒரு மாலைப் பொழுது முழுவதும் எக்ஸெக் வரியில்தான் போனது. டெர்மினல் பழக்கத்தில் ஹோமுக்கு நெளிகோடு (டில்டே) போட்டிருந்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, மெனுவில் பெயரும் இல்லை. நெளிகோட்டை ஹோமின் பாதையாக விரிப்பது, டெர்மினலில் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லின் வேலை. இந்த வரியோ ஷெல் வழியாகப் போவதில்லை. அப்படி ஒரு நிரலே இல்லை என்று கருதி, உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. எனவே சாய்கோட்டில் தொடங்கி, ஹோம், உங்கள் பயனர் பெயர், ஆப்ஸ் என்று முழுப் பாதையையும் எழுதுங்கள். ஐகானுக்கும் அப்படியே. எக்ஸிக்யூட்டபிள் ஆன் செய்ய மறந்தாலும் இதே மாதிரி பெயர் வராது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இதைத் தானாகச் செய்யும் கருவிகள் உண்டு. ஆனாலும் ஒருமுறை கையால் எழுதிவிடுங்கள்; பிறகு எது உடைந்தாலும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

பின்சேர்க்கை: டாக்கில் (திரை ஓரத்து ஐகான் பட்டையில்) ஒரே நிரலுக்கு இரண்டு ஐகான்கள் வருவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். ஆல்ட்+எஃப்2 அழுத்தி, எல்ஜி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். அங்கே விண்டோஸ் பகுதியில், திறந்திருக்கும் நிரலின் கிளாஸ் பெயர் இருக்கும். அதை அப்படியே ஸ்டார்ட்அப்-டபிள்யூஎம்-கிளாஸ் என்ற வரியாக (இடைவெளி, ஹைபன் இல்லாமல்) அதே கோப்பில் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.