விமானம் துள்ளியதும் கை என்ன செய்கிறது?

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்த காலத்தில் ஒருநாள் விமானத்தை ஓடுபாதையில் பந்து மாதிரி துள்ள வைத்தேன். முதல் துள்ளல் சின்னதுதான். பதறிப்போய் மூக்கைக் கீழே அழுத்தினேன் பாருங்கள், அதுதான் தப்பு. பக்கத்திலிருந்த பயிற்றுநர் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' என்று வாங்கிக்கொண்டதால் மூக்குச் சக்கரம் தப்பித்தது.

மாணவர்கள் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். எழும்பிய விமானத்தைக் கீழே தள்ளுவோம், மூக்குச் சக்கரம் முதலில் மோதும், இன்னும் உயரமாக எழும்பும். பயந்துபோய் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுப்போம். விமானம் செய்து முடித்ததற்குத்தான் கை பதில் சொல்லிக்கொண்டிருக்கும், அதனால் ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிட மோசமாகும். மூன்றாவதிலோ நான்காவதிலோ மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கலாம். அப்புறம் புரொப்பெல்லர் தரையில் அடிபட்டால் எஞ்சினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சின்னத் துள்ளல் என்றால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து உட்கார விடலாம். பெரிதென்றால் கோ-அரவுண்ட்தான், அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவது.

சரி, ஏன் துள்ளியது? அநேகமாக வேகம். செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தை 65 நாட் (மணிக்கு 65 கடல்மைல்) அளவில் கொண்டுவர வேண்டிய இடத்தில் 75இல் வந்திருப்போம். வேகம் 10 சதவீதம் கூடினாலே கரைக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடிவிடும். தரையை ஒட்டிப் பறக்கும்போது இழுவையும் குறைவதால் விமானம் இறங்காமல் மிதக்கும். சிலேத்தார் ஓடுபாதை 1,836 மீட்டர், சின்ன விமானத்துக்குத் தாராளம். கொஞ்சம் மிதந்தால் மிதக்கட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் பின்னால் ஜெட் வருகிறது என்று காதில் விழுந்ததும் நமக்கு அவசரம் வந்துவிடும்.

கண் இன்னொரு காரணம். மூக்குக்கு நேர்முன்னால் தரையைப் பார்த்தால் உயரம் பிடிபடாது. ஓடுபாதையின் கடைசியைப் பாருங்கள்.

ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. பருவக்காற்றும் அநேகமாக அந்தத் திசைகளில்தான் அடிக்கும். அதனால் இங்கே பழகுகிறவர்களுக்குக் குறுக்குக்காற்றில் கை அவ்வளவாகப் பழகுவதில்லை என்பது என் கணிப்பு. மதிய இடிமழைக்கு முன் வீசும் காற்று இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காது. பக்கவாட்டில் நகர்ந்தபடியே சக்கரம் பதிக்காதீர்கள்.

கோ-அரவுண்டிலும் கவனம் வேண்டும். முழுப் பவர் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் திரும்பும், மூக்கை நேராக்கும் வலது ரட்டர் மிதியை மிதிக்க மறந்தால் புல்தரைதான். கைக்குப் பாரம் குறைய இறங்கும்போது சரிசெய்து வைத்த டிரிம் இப்போது மூக்கை மேலே தூக்கும், அதையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவைத்த ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் திரும்பக் கீழே அமுங்கும். படிப்படியாக மடக்குங்கள்.