சார்ஜர் செருகினால் மட்டும் ஓடும் சர்வீஸ்

என் லினக்ஸ் மடிக்கணினியில் பேக்கப் சர்வீஸ் (பின்னணியில் கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) பேட்டரியில் இருக்கும்போதெல்லாம் ஓடி உயிரை வாங்கியது. சார்ஜர் செருகினால் ஓடணும், பிடுங்கினால் நிற்கணும், அவ்வளவுதான். இதற்கு மின்சார நிகழ்வுகளைக் கவனிக்கும் ஏசிபிஐடி என்ற நிரலைப் போடச் சொல்வார்கள். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு டீமன் (பின்னணி நிரல்) எதற்கு?

சிஸ்டம்டிக்கு சர்வீஸ் கோப்பு எழுதத் தெரியும்தானே? அதில் இன்ஸ்டால் பகுதி வேண்டாம், எனேபிளும் (பூட்டில் தானாக ஓடவைப்பது) வேண்டாம், எழுப்புவது யூடெவ் பார்த்துக்கொள்ளும். யூனிட் பகுதியில் மட்டும் ஸ்டாப்-வென்-அன்நீடட் (யாருக்கும் தேவையில்லை என்றால் தானே நிற்பது) என்பதற்கு ‘எஸ்’, அதாவது ஆம், கொடுங்கள்.

அப்புறம் சாதன நிகழ்வுகளைக் காட்டும் யூடெவ்ஆட்ம் மானிட்டர் கட்டளையை ஓடவிட்டு சார்ஜரைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். பவர் சப்ளை பக்கமிருந்து ‘சேஞ்ச்’ என்று நிகழ்வு வரும். இந்த நிகழ்வு வந்தால் என்ன செய்வது என்று யூடெவுக்கு ஒரு விதி எழுதவேண்டும். சாதனத்தின் பெயரை வைத்து எழுதாதீர்கள்; ஒரு கணினியில் ஏசி என்றிருப்பது இன்னொன்றில் ஏடிபி1 என்றிருக்கும். டைப் ‘மெயின்ஸ்’ என்று பொருத்துங்கள்.

விதியில் ரன் போட்டு ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டலாமே என்று தோன்றும். நானும் செய்தேன். நிகழ்வு முடிந்ததும் யூடெவ் அதைக் கொன்றுவிட்டது. நீண்ட வேலைக்கு அது ஆகாது. சரி என்று விதியில் சிஸ்டம்டி டேக் (சாதனத்தை சிஸ்டம்டிக்குக் காட்டும் அடையாளம்) போட்டு, எந்த சர்வீஸை எழுப்பணும் என்று சொல்லும் சிஸ்டம்டி வான்ட்ஸில் சர்வீஸ் பெயரைக் கொடுத்தேன். பூட் ஆனதும் ஓடியது. பிடுங்கினேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கையால் நிறுத்திவிட்டு மறுபடி செருகினால், அசையவே இல்லை.

ஒரு மாலை முழுக்க இதில்தான் போனது. சாதனம் செயலற்ற நிலையிலிருந்து செயல்நிலைக்கு வரும் அந்தக் கணத்தில் மட்டும்தான் சிஸ்டம்டி அந்த வான்ட்ஸ் வரியைப் பார்க்கும். சார்ஜரைப் பிடுங்கினாலும் அடாப்டர் சாதனம் கெர்னலில் (லினக்ஸின் மையக்கருவில்) அப்படியே இருக்கும், மின்சாரம் வருகிறதா என்று சொல்லும் ஆன்லைன் மதிப்பு மட்டும் 1-இலிருந்து 0 ஆகும். சிஸ்டம்டியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை! அதனால் இன்னும் இரண்டு வரி: ஆன்லைன் 0 என்றால் சிஸ்டம்டி ரெடி 0, ஆன்லைன் 1 என்றால் ரெடி 1. ரெடி 0 என்றால் சாதனமே இல்லை என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும், அதனால் தேவையற்றுப்போன சர்வீஸும் நிற்கும். விதிகளை ரீலோட் செய்து பிடுங்கிச் செருகினால் ஒவ்வொரு முறையும் எழுந்துகொள்கிறது.

பின்சேர்க்கை: யூஎஸ்பி-சி வழியாக மட்டும் சார்ஜ் ஆகும் கணினிகளில் டைப் ‘யூஎஸ்பி’ என்று வரலாம், யூடெவ்ஆட்ம் மானிட்டரில் பார்த்து மாற்றுங்கள்.

இன்னொன்று, பேட்டரியில் இருக்கும்போது கையால் ஸ்டார்ட் கொடுத்தால் சர்வீஸ் உடனே செத்துவிடுகிறது, ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது பிழையில்லை. யாருக்கும் தேவைப்படாத சர்வீஸை நிறுத்தச் சொல்லி வைத்தது நாம்தான், சோதிக்கும்போது சார்ஜரைச் செருகி வையுங்கள்.