காலாணி மருந்தை அந்த இடத்தில் பூசாதீர்கள்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பார்மசியில் நிற்கிறேன். போன மாதம் ஒரு தம்பி வந்து காலாணி மருந்து கேட்டார். காலைக் காட்டுங்கள் என்றால் காட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் ஆட்கள் போன பிறகுதான் வாய் திறந்தார். ஆணுறுப்பின் அடியில் நாலைந்து மரு, கோலிபிளவர் மாதிரி சொரசொரப்பாக. இரண்டு கிழமையாகச் சுண்ணாம்பு வைத்திருக்கிறார். மரு அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள தோல்தான் வெந்துபோயிருக்கிறது.

சுண்ணாம்பு, எருக்கம்பால், மயிரால் இறுக்கிக் கட்டுவது, பிளேடு எதுவுமே வேண்டாம். காலாணி மருந்தில் இருக்கும் சலிசிலிக் அசிட் தடித்த தோலுக்கானது, அங்கே இருப்பதோ மெல்லிய தோல். புண் ஆகிவிட்டால் வேறு தொற்றுகள் உள்ளே போகவும் வழி கிடைக்கும். மரு இருக்கும்போது அந்த இடத்தைச் சவரம் செய்வதையும் விடுங்கள், மரு பரவும்.

நீங்களே பார்த்து மரு என்று முடிவுகட்டுவதும் தவறுதான். ஆணுறுப்பு மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப்போல இருப்பவை நோயே இல்லை. ஆனால் ஈரமாகத் தட்டையாக வரும் கட்டிகள் சிபிலிஸ் என்ற பாலியல் நோயாகவும் இருக்கலாம். அதற்குப் பெனிசிலின் ஊசி வேண்டும், அதனால்தான் கிளினிக்கில் இரத்தமும் எடுப்பார்கள்.

அப்புறம், வீட்டில் நடக்கும் சண்டை. கட்டாரில் இருந்து வந்தவருக்கு மரு, இது உடலுறவில் தொற்றுவது என்பதால் உடனே யார் யாருக்குத் துரோகம் செய்தது என்ற பேச்சு. இந்த மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் எச்.பி.வி. வைரசின் 6, 11 ஆம் வகைகள். தொற்றிப் பல மாதம், சிலருக்கு வருடங்கள் கழித்தும் மரு வெளியே வரும், அதனால் எப்போது, யாரிடமிருந்து என்று மருவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து இதை வைத்து ஒரு குடும்பத்தைப் பிரிக்காதீர்கள்.

புற்றுநோய் என்று பயப்படவும் தேவையில்லை, அதற்குப் பெரும்பாலும் காரணம் 16, 18 போன்ற வேறு வகைகள். ஆனாலும் பெண்கள் 35 வயதில் வெல் வுமன் கிளினிக்குக்குப் போய், கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் பாப் பரிசோதனை செய்யவேண்டும். 2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சிகிச்சையில் நான் அதிகம் பார்ப்பது அவசரம். பொடோபிலோடொக்சின் பூச்சை மூன்று நாள் பூசி நாலு நாள் விடவேண்டும், சீக்கிரம் போகட்டும் என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பூச்சு கூடவே கூடாது. டொக்டர்கள் திரவ நைதரசனால் உறைய வைப்பார்கள், அசிட் தொட்டு வைப்பார்கள், கரண்டால் சுடுவார்கள். எதுவானாலும் பல தடவை போகவேண்டி வரும், மரு திரும்பியும் வரும், அதற்காகப் பாதியில் விடாதீர்கள். கொண்டம் ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும்.

அந்தத் தம்பி கடைசியாகக் கேட்டது, "அங்க பேர் கேப்பாங்களா அண்ணே?" கேட்பார்கள், ஆனால் வெளியே சொல்லமாட்டார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை எங்கும் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது, காசில்லை, கடிதமும் தேவையில்லை. மனைவியையும் கூட்டிப் போங்க தம்பி என்றேன்.