வேக ரயிலுக்கு மொபைல் சிக்னல் வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெய்ஜிங்–ஷாங்காய் பாதையில் மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் ஓடும் 16 பெட்டி ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். உள்ளே இருக்கும் போன்கள் எல்லாம் நொடிக்கு 97 மீட்டர் நகர்கின்றன. 2.6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்த வேகத்துக்கு டாப்ளர் நகர்வு, அதாவது ஓட்டத்தால் அதிர்வெண் மாறித் தெரியும் அளவு, சுமார் 840 ஹெர்ட்ஸ் வரும். சிக்னலைப் பிரித்துச் சுமக்கும் சிறு அலைகளுக்கு (சப்கேரியர்) நடுவே உள்ள இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் ஆறு சதவீதம்கூட இல்லை. சரி, சமாளித்துவிடலாம் என்று கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான்.

டவரிலிருந்து ஏற்கெனவே நகர்ந்து வரும் அதிர்வெண்ணைத்தான் போன் சரியென்று பிடித்துக்கொள்கிறது. அதை வைத்தே பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் டவருக்குப் போகும்போது இன்னொரு முறை நகர்கிறது. ஆக, டவர் பார்ப்பது ஏறக்குறைய 1,680 ஹெர்ட்ஸ். அப்லிங்க் (போனிலிருந்து டவருக்கு) கணக்கை எப்போதும் இரட்டிப்பாகவே போட வேண்டும்.

இந்த இரட்டிப்பு முதலில் உடைப்பது டேட்டாவை அல்ல, போன் டவரின் கதவைத் தட்டும் கட்டத்தை. அப்போது போன் அனுப்பும் அறிமுகக் குறி (ப்ரியாம்பிள்) பெரும்பாலான நீள வடிவங்களில் இருக்கும்போது சப்கேரியர் இடைவெளி வெறும் 1.25 கிலோஹெர்ட்ஸ்தான். நகர்வு அதைத் தாண்டினால் டவர் ப்ரியாம்பிளைத் தேடும் கணக்கில் உச்சம் வேறு இடத்தில் எழும். ஒரு போனின் ப்ரியாம்பிளை இன்னொன்றாகவோ, தூரத்தைத் தவறாகவோ டவர் புரிந்துகொள்ளும். யாருமே அனுப்பாத ப்ரியாம்பிளுக்குப் பதில் போகும். தனக்குப் பதில் வராத போன் மறுபடி அனுப்பும். ரயில் அடுத்த டவருக்கு மாறும் நேரத்தில் எல்லா போன்களும் ஒன்றாக வருவதால் நெரிசல் இன்னும் ஏறும். இதற்காகவே 4ஜியிலும் 5ஜியிலும் வேக ரயிலுக்கென்று கட்டுப்படுத்தப்பட்ட ப்ரியாம்பிள் தொகுப்புகள் இருக்கின்றன. ஏ தொகுப்பு ஒரு சப்கேரியர் இடைவெளி அளவு நகர்வு வரைக்கும்தான். இங்கே பி தொகுப்பு வேண்டும். ஆனால் அதைப் போட்டால் ஒரு வேர் வரிசையிலிருந்து (ப்ரியாம்பிள்களை உருவாக்கும் அடிப்படை வரிசை) கிடைக்கும் ப்ரியாம்பிள்கள் குறையும். ஒரு டவர் பகுதிக்கு வேண்டிய 64 ப்ரியாம்பிள்களை நிரப்பக் கூடுதல் வேர்கள் தேவைப்படும். பக்கத்து டவர்களின் வேர் ஒதுக்கீட்டைத் திருத்தாமல் இதை மட்டும் மாற்றுவது புதுத் தொல்லையை இழுத்துவிடும்.

டாப்ளருக்குப் பயந்து சப்கேரியர் இடைவெளியை 60 கிலோஹெர்ட்ஸாக விரிப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் எதிரொலிக்கான காவல் நேரம் 4.7 மைக்ரோநொடியிலிருந்து 1.2-ஆகச் சுருங்கும். 350 மீட்டருக்கு மேல் சுற்றி வரும் எதிரொலி அடுத்த குறியீட்டில் கலந்துவிடும். இடைவெளியை விரிப்பதைவிட பைலட் சிக்னலை (சேனலை அளக்க அனுப்பும் தெரிந்த குறி) நெருக்கமாக வைப்பதுதான் என் முதல் தேர்வு. ஏனென்றால் இந்த வேகத்தில் சேனல், அதாவது சிக்னல் வரும் வழியின் தன்மை, அரை மில்லிநொடிக்குள் மாறிவிடுகிறது.

அப்புறம், சோதனை. ஒரே போன், மாறாத டாப்ளர் என்று வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் தரக் கூடாது. பாதையோரம் பல ஆன்டெனாக்கள் ஒரே சிக்னலை அனுப்பும்போது, முன்னாலிருப்பது +840, பின்னாலிருப்பது −840 ஹெர்ட்ஸ் காட்டும். இரண்டும் சமமாக வரும் நடுவிடத்தில் சராசரி பூஜ்யம். அதை நம்பித் திருத்தம் செய்யும் ரிசீவர் இரண்டு சிக்னலையும் தவறவிடும். சோதனையில் கட்டாயம் வர வேண்டிய இடம் இதுதான், அதுவும் பெட்டி நிறைய போன்கள் பேசிக்கொண்டிருக்கும்போது.