பூட்டிய வீட்டை விடாதீர்கள்: கிராமத்தில் இரத்த அழுத்தக் கணக்கெடுப்பு நடத்துவது எப்படி?

ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்கு பிரஷர் இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே. வராதவர்களைத் தேடிப் போனால் என்ன தெரியவரும் என்பதற்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டம் நல்ல சான்று. அங்கே மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் குழுவினர் 2 கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்கள் நோய் இருந்தது. அவர்களில் அதற்கு முன்பு பெண்கள் நோய்க்கான மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான்.

சமுதாய மருத்துவம், செவிலியம், சமூகப்பணி படிக்கிறவர்கள் முதன்முதலாகக் கிராமத்தில் இறங்கி ஒரு கணக்கெடுப்பு நடத்துவதற்கான வழி இது. எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டின் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் 30 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு உயர் இரத்த அழுத்தம்? சர்க்கரை, இரத்தசோகை, பார்வைக் குறை என எதை எடுத்தாலும் அளக்கும் கருவிதான் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"கிராம மக்களின் உடல்நலம்" என்பது கேள்வி ஆகாது. யார், எங்கே, எதை, எந்த அளவுகோலில் என்ற நான்கும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும். நம் அளவுகோல்: மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேல், அல்லது ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மூன்றாவதை விட்டுவிடுகிற புதியவர்கள் நிறைய. தினமும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டு 126/78 காட்டுகிறவரை "நோய் இல்லை" என்று எழுதினால், நன்றாக மருந்து கிடைக்கும் ஊரில் நோயே இல்லை என்று ஆகிவிடும்.

2. அனுமதி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே முதல் வீட்டுக் கதவைத் தட்டலாம். "ரத்தம் எடுக்கவில்லையே, வெறும் பிபிதானே" என்று இதைத் தாண்டக் கூடாது. கல்லூரியில் குழு இருக்கும். கேள்வித்தாள், தமிழ்த் தகவல் தாள், ஒப்புதல் படிவம் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள்.

பிறகு மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், ஊராட்சித் தலைவர் என்ற வரிசையில் கடிதம். இவர்களுக்கு இணையாக முக்கியமானவர் கிராம சுகாதார செவிலியர். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அளக்கும்போது அவரைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்ட ஒருவர் அவர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்னொரு ஏற்பாடும் முன்கூட்டியே வேண்டும். அளவு அதிகம் இருப்பவரை எங்கே அனுப்புவது? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசி, பரிந்துரைச் சீட்டு அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நோயைக் கண்டுபிடித்துவிட்டு வழி சொல்லாமல் வருவது தவறு.

3. எத்தனை பேர், எந்த வீடு

சுமார் 25 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, 5 புள்ளி கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்வோம். 1.96 (95 சதவீத நம்பகத்துக்கான எண்) இன் வர்க்கம் × 0.25 × 0.75 ÷ 0.05இன் வர்க்கம் = 288. ஒரே ஊர்க்காரர்கள் உணவிலும் உழைப்பிலும் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள், அதனால் ஊர் ஊராக எடுக்கும்போது 1.5ஆல் பெருக்க வேண்டும்: 432. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் 480. ஆக 16 குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் 30 வீடுகள், வீட்டுக்கு ஒருவர்.

ஒன்றியத்தின் எல்லாக் குடியிருப்புகளையும் வீட்டு எண்ணிக்கையோடு எழுதி, கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 4,800 வீடுகள் என்றால் 4,800 ÷ 16 = 300. 1 முதல் 300க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுங்கள். 117 வந்தால் 117, 417, 717 என்று போய், அந்தந்த எண்ணாவது வீடு எந்தக் குடியிருப்பில் விழுகிறதோ அதுவே உங்கள் ஊர். 40 வீட்டுக்குக் குறைந்த குடியிருப்பைப் பக்கத்துக் குடியிருப்போடு முன்பே சேர்த்துவிடுங்கள். சின்ன ஊர் என்று கழித்துவிடக் கூடாது.

தேர்வான ஊரில் நீங்களே நடந்து வீடுகளை எண்ண வேண்டும். ஆய்வு கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் இதுதான். கோயில் முன்னால் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் 30 வீடு போய் முடிக்கிற பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. பேனா எந்தப் பக்கம் காட்டினாலும் தொடங்கும் இடம் ஊர்த்தெருவாகவே இருக்கும். காலனி விட்டுப்போகும், வயலுக்கு நடுவே இருக்கும் தோட்டத்து வீடுகள் விட்டுப்போகும், ஏரிக்கரைக் குடிசைகள் விட்டுப்போகும். அங்கன்வாடிப் பணியாளரிடம் "இதுதான் ஊரா, இன்னும் எங்கேயாவது ஆள் குடியிருக்கிறார்களா?" என்று கேட்டு, எல்லையையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காகிதத்தில் தெருப்படம் வரைந்து, வாசலில் சாக்பீஸால் வரிசை எண் எழுதுங்கள். 210 வீடு வந்தால் 7 வீட்டுக்கு ஒன்று. முதல் எண்ணைக் குலுக்கி எடுத்தது 4 என்றால் 4, 11, 18...

வீட்டுக்குள் போனதும் 30 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எல்லாரையும், வெளியே போயிருப்பவர்களையும் சேர்த்து, எழுதுங்கள். அதில் ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுங்கள். "நான்தான் வீட்டில் இருக்கிறேன், எனக்கே பாருங்க" என்பார்கள். அவருக்கும் பாருங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். சுற்றி நிற்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அப்படியே. கடைசியில் அளந்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், செயலியில் ஏற்ற வேண்டாம்.

4. ஒப்புதல்

கையெழுத்து என்றதும் கடன் பத்திரமும் நிலப் பத்திரமும் நினைவுக்கு வருகிற இடம் கிராமம். ஆகவே தாளை நீட்டுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள். "அம்மா, நாங்க காலேஜிலிருந்து வர்றோம். இந்தப் பக்கம் எத்தனை பேருக்கு பிரஷர் இருக்குன்னு பார்க்கிறோம். ஊசி கிடையாது. முக்கால் மணி நேரம் ஆகும். வேண்டாம்னு நினைச்சா எப்ப வேணும்னாலும் சொல்லிடலாம், அதனால ரேஷனோ ஆஸ்பத்திரியில மாத்திரையோ எதுவும் நிக்காது." கடைசி வாக்கியத்தை ஒருபோதும் விடாதீர்கள். பலர் மனதில் இருந்தும் கேட்காத கேள்வி அதுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். ஆனால் படிக்கத் தெரிந்த, உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்திட வேண்டும். தகவல் தாளின் ஒரு பிரதி அவர் வீட்டிலேயே இருக்கட்டும். மாமியாரோ கணவரோ "சரி" சொன்னது அந்தப் பெண்ணின் ஒப்புதல் ஆகாது.

5. கேள்வித்தாள்

"உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டுள்ளதா?" என்று கேட்டால் முழிப்பார்கள். "டாக்டரோ நர்சோ உங்களுக்கு பிரஷர் இருக்குன்னு எப்பவாவது சொல்லியிருக்காங்களா?" என்று கேளுங்கள். "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதற்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். "கடந்த 2 வாரத்தில்?" என்று கேட்டு, மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொல்லிப் பெயரைப் பார்த்து எழுதுங்கள். அட்டையில் கிழித்த குழிகளின் எண்ணிக்கையே பாதி பதில். சர்க்கரை மாத்திரையை பிரஷர் மாத்திரை என்று நம்பிச் சொல்கிறவர்களும் உண்டு.

வயதுக்கு ஆதார் அட்டையை மட்டும் நம்ப முடியாது. முதியவர்கள் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருக்கும், அது தோராயம். ஊர் நினைவில் இருக்கும் நிகழ்வுகளை வைத்துக் கேளுங்கள்: 1964 தனுஷ்கோடிப் புயல், 1969இல் அண்ணா மறைவு, 1987இல் எம்.ஜி.ஆர். மறைவு. "எம்.ஜி.ஆர். இறந்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?" என்று போனால் 2, 3 வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

தேர்வாகாத ஓர் ஊரில் 20, 30 பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே அச்சுக்குப் போங்கள்.

6. அளப்பது

மணிக்கட்டுக் கருவி வேண்டாம். மேற்கையில் கட்டும், தரம் சரிபார்க்கப்பட்ட டிஜிட்டல் கருவி வேண்டும். கைப்பட்டை 2 அளவிலாவது இருக்கட்டும்: கைச்சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரைக்கும் நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் காட்டும். ஆகவே டேப்பால் கையை அளந்த பிறகே பட்டையை எடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறைப்படி 15 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, 3 நிமிட இடைவெளியில் 3 முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். எனவே கேள்விகளை முதலில் முடித்துவிடுங்கள். அந்த 15 நிமிடத்தில் நீங்கள் படிவத்தைச் சரிபாருங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி, புகையிலை போட்டிருந்தால் காத்திருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

உட்காரும் விதம்தான் கிராமத்து வீட்டில் சிக்கல். திண்ணையிலோ கட்டிலிலோ உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் இருக்காது, கை தொங்கும். பட்டை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினால் அளவு 7, 8 புள்ளி ஏறிவிடும். 134 உள்ளவர் 141 ஆகி நோயாளி ஆவது இப்படித்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிச் சுவரோரம் போடுங்கள். கையை மேசையிலோ, இல்லாவிட்டால் ஸ்டூலின் மேல் அடுக்கிய தலையணையிலோ வையுங்கள். கால் இரண்டும் தரையில், குறுக்கே போடாமல்.

இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறுபோல் கையை இறுக்கும். துணிமேல் கட்டினாலும் தவறு. ஆகவே பெண்களை அளக்கப் பெண் பணியாளர், மறைவான இடம், ஜாக்கெட்டின் கையைக் கழற்றிப் போர்த்திக்கொள்ள ஒரு துண்டு என்று ஏற்பாடு செய்யுங்கள். இதற்கு வசதி செய்யாத குழுக்களின் கணக்கில் பெண்களின் அளவு நம்பத் தகுந்ததாக இருக்காது.

180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் தளர்வு, பேச்சுக் குளறல் இருந்தால் உடனே 108. மற்றவர்களிடம் "இன்னிக்கு அளவு கூட இருக்கு, ஆஸ்பத்திரியில இன்னொரு நாள் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு நாள் அளவை வைத்து "உங்களுக்கு பிரஷர்" என்று முத்திரை குத்தக் கூடாது.

7. பூட்டிய வீடு

காலை 10 மணிக்குப் போனால் கிடைப்பவர்கள் முதியவர்களும் நோயாளிகளும்தான். நூறு நாள் வேலைக்கும், களையெடுப்புக்கும், பனியன் கம்பெனிக்கும் போனவர்கள் இருக்க மாட்டார்கள். வீடு பூட்டியிருக்கிறதே என்று பக்கத்து வீட்டை எடுத்தால், உழைக்கும் உடம்புகளை நீக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் உடம்புகளை எண்ணியதாக ஆகும். நோயின் விகிதம் உயர்ந்து தெரியும், மாத்திரை சாப்பிடுவோர் விகிதமும் உயர்ந்து தெரியும், இரண்டும் பொய்.

ஒரு வீட்டுக்கு 3 முறை, 3 வெவ்வேறு நாளில் போக வேண்டும். அதில் ஒன்று காலை 6 முதல் 8க்குள் அல்லது மாலை 6க்கு மேல், ஒன்று ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று எழுதி, அண்டை வீட்டாரிடம் கேட்டு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று வீடு கிடையாது. அதற்காகத்தான் 432க்குப் பதில் 480 எடுத்தோம்.

திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை வைத்து நடந்து, 1990இல் வெளியான வைட்டமின் ஏ ஆய்வில், வாரந்தோறும் சிறு அளவு கொடுத்த குழந்தைகளின் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. வாராவாரம் வீட்டுப்படி ஏறாமல் அந்த வித்தியாசத்தைக் கண்டிருக்கவே முடியாது.

8. தரவு

படிவத்தைக் கைபேசியில் நிரப்ப கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே செயலி போதும். இரண்டும் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மேல் அளவு 70 முதல் 270, கீழ் அளவு 40 முதல் 150, மேலது கீழதைவிடப் பெரியது என்ற வரம்புகளைப் படிவத்திலேயே போட்டுவிடுங்கள். பெயர் ஒரு நோட்டில், அளவு வேறு கோப்பில், நடுவே ஓர் எண் மட்டும். நோட்டு பூட்டிய அலமாரியில்.

வாரம் ஒருமுறை கடைசி இலக்கங்களை எண்ணுங்கள். டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 சதவீதம் வர வேண்டும். ஒருவருடைய பதிவுகளில் மட்டும் 120, 130, 140 என்று 0 குவிந்தால், அவர் அளக்காமல் எழுதுகிறார் அல்லது உருட்டி எழுதுகிறார். 20 வீட்டுக்கு ஒரு வீடு மேற்பார்வையாளர் திரும்பப் போய், "வந்தார்களா, எத்தனை முறை அளந்தார்கள்?" என்று கேட்க வேண்டும்.

9. கணக்கு

432 பேரில் 121 பேர் என்று வந்ததாக வைப்போம்: 28 சதவீதம். வெறும் சூத்திரப்படி பிழை வரம்பு ±4.2. ஊர் ஊராக எடுத்ததால் 1.5இன் வர்க்கமூலமான 1.22ஆல் பெருக்க வேண்டும்: ±5.2. ஆகவே 23 முதல் 33 சதவீதம் வரை என்று எழுதுங்கள். வீட்டுக்கு ஒருவரை எடுத்ததால், 4 பெரியவர்கள் உள்ள வீட்டிலிருந்து வந்தவருக்கு 4 மடங்கு எடை கொடுக்க வேண்டும். இல்லையேல் தனியாக வாழும் முதியவர்களின் கை ஓங்கிவிடும்.

121 பேரில் முன்பே தெரிந்தவர் எத்தனை, மாத்திரை சாப்பிடுகிறவர் எத்தனை, 140/90க்குக் கீழே இருப்பவர் எத்தனை என்று தனித்தனியாகக் கொடுங்கள். மருத்துவ அலுவலருக்கு இது 28ஐவிடப் பயன்படும்.

10. ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் 10 நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்றியம் முழுவதற்குமான எண்ணைச் சொல்லுங்கள். தெருவாரியாகப் பிரித்துச் சொல்லாதீர்கள். 30 பேரை வைத்து ஒரு ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, மேலும் தெருவின் பெயர் அங்கே சாதியின் பெயர்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். 30 வயதுக்கு மேல் 9,000 பேர் உள்ள பகுதியில் 28 சதவீதம் என்றால் 2,520 பேர். மறுபரிசோதனையில் சிலர் கழிந்தாலும், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்று பார்த்தால் மாதம் 75,600 மாத்திரைகள் வரை ஆகும். இப்போது எத்தனை வருகிறது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். சம்மதம் தந்தவர்களின் பட்டியலை மட்டும் கிராம சுகாதார செவிலியரிடம் கையில் கொடுத்து, சீட்டுடன் போனவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று ஒரு மாதம் கழித்து அவரிடமே கேளுங்கள்.