சதவீதம்: சூத்திரத்துக்கு முன்னால் ஒரு பட்டை

சதவீதக் கணக்கை 'பை நூறு, இன்டு நூறு' என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் நன்றாக ஒப்பிப்பார்கள், ஆனால் எதை எதால் வகுக்க வேண்டும் என்பது கடைசி வரை குழப்பமாகவே இருக்கும்.

முதலில் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். கிரிக்கெட்டில் சதம் என்றால் எத்தனை ரன் என்று கேட்டால் வகுப்பே நூறு என்று கத்தும். வீதம், ஆளுக்கு இரண்டு வீதம் கொடு என்கிறோமே, அதுதான். நூற்றுக்கு இத்தனை வீதம், அவ்வளவுதான். அப்புறம் கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்று வரைந்து 25 கட்டங்களுக்குக் கலர் அடிக்கச் சொல்லுங்கள். 25 சதவீதம், கால் பங்கு, 0.25 மூன்றும் ஒரே படம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. 40 பேரில் 25 சதவீதம் எத்தனை பேர் என்று கேளுங்கள், சிலர் 25 என்பார்கள். கட்டத்தை எண்ணிப் பழகியதால் வரும் தவறு இது, பிள்ளைகள் மேல் குற்றமில்லை.

இங்கேதான் பட்டை வேண்டும். 10 செ.மீ. நீளத்துக்குப் பட்டை வரைந்து, செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, மேலே 0, 10, 20 என்று 100 வரை சதவீதத்தையும் கீழே உண்மையான அளவையும் எழுதச் சொல்லுங்கள். 40 பேர் என்றால் ஒரு துண்டுக்கு 4 பேர். 25 சதவீதம் இரண்டரைத் துண்டு, அதாவது 10 பேர்.

பட்டையின் உண்மையான பலம் தலைகீழ்க் கணக்கில்தான். 30 சதவீதம் தள்ளுபடி போக ஒரு சட்டை 420 ரூபாய், பழைய விலை என்ன? பெரும்பாலும் 420க்கு 30 சதவீதம் பார்த்து, அந்த 126ஐக் கூட்டி 546 என்று எழுதிவிடுவார்கள். உடனே தவறு என்று சொல்லாமல் பட்டையைப் போடச் சொல்லுங்கள். மூன்று துண்டு போனால் மீதி ஏழு, அந்த ஏழும் சேர்ந்துதான் 420, ஒரு துண்டு 60, பத்துத் துண்டு 600. எதில் 30 சதவீதம் என்ற கேள்விக்குப் பட்டையே பதில் சொல்லிவிடுகிறது.

இது பிடிபட்டதும் 500 ரூபாயை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கச் சொல்லுங்கள். பழைய 500 தான் வரும் என்பவர்களை முதலில் கை தூக்கவிட்டு, இரண்டு பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள்: முதல் பட்டையில் ஒரு துண்டு 50, இரண்டாவது 600க்கான பட்டை என்பதால் ஒரு துண்டு 60. ஏறியது 100, இறங்கியது 120, கையில் 480.