தஞ்சை அரண்மனையை ஒரு பென்சிலோடு பார்ப்பது எப்படி

முதல் தடவை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனபோது நூற்றுச் சொச்சம் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். கும்பகோணம் திரும்பும் பஸ்ஸிலேயே எந்தத் தேவி எந்த மண்டபத்தில் நின்றாள் என்று குழம்பிவிட்டது. அப்போது கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ‘ஜ’வின் வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், காலையில் பார்த்த சிலையின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கேமரா எடுத்துப் போவதில்லை. போய்ப் பார்க்க ஆசை, வரையவும் கொஞ்சம் வரும் என்கிறவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

கையடக்க நோட்டு ஒன்று, 4பி பென்சில் இரண்டு, பிளேடால் சீவி மூடி போட்டது. பேனா, மை, வண்ணம் எதுவும் வேண்டாம். ஆயிரம் வருஷத்துப் பொருளுக்குப் பக்கத்தில் மைப்புட்டியைத் திறந்து வைத்தால் காவலருக்கு மட்டுமல்ல, நமக்கே நெஞ்சு படபடக்கும். உட்கார்ந்து வரைவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அடர்ந்த நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டையோடு கண்ணாடிப் பெட்டி முன் நின்றால் சிலைக்குப் பதிலாக உங்கள் தொப்பைதான் தெரியும்.

பெரிய கோவிலை அதே நாளில் சேர்க்காதீர்கள். அது தனி நாள் கேட்கும்.

உள்ளே போனதும் ஒரு சுற்று சும்மா நடங்கள். விவரப் பலகையைப் படிக்க வேண்டாம். எந்தச் சிலை முன்னால் கால் தானாக நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு உங்கள் சிலை. எனக்கு அது பெரும்பாலும் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், வெண்கலச் சிவன். 1011-இல் செய்தது. தலையில் பாம்பைச் சுற்றிய சடைமுடி, ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே வைத்த நிற்பு. வலது கை மடங்கி அந்தரத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கை காளையின் மேல் சாய்ந்திருந்தது. காளை இப்போது இல்லை. முதன்முறை அக்கா பேத்தியைக் கூட்டிப் போனபோது, “தாத்தா, மாடு எங்கே?” என்றாள். பலகையில் ஒரு எழுத்தும் படிக்காத பிள்ளை. கையின் கனத்தைப் பார்த்தே கேட்டாள்.

அவள் கேள்வியிலிருந்துதான் நான் வரையும் முறையே மாறியது. சிலையை வரைய வேண்டாம், காளை இருந்த வெற்றிடத்தை வரையுங்கள். கைக்குக் கீழே, விலாவுக்குப் பக்கத்தில், இடுப்பிலிருந்து பீடம் வரை இறங்கும் அந்தக் காற்றுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. அதன் ஓரத்தை மட்டும் கோடாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். கை, விலா, தொடை மூன்றும் தாமாக வந்து நிற்கும். ‘கை என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று மனசில் ஒரு கை வைத்திருக்கிறோமே, அது குறுக்கே வராது. போர்டு எழுதுகிறவனுக்கு இது பழகினதுதான்: இரண்டு எழுத்துக்கு நடுவே விடும் இடம் சரியில்லை என்றால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

அப்புறம், பின்பக்கம் போக முடிகிற சிலை ஏதாவது இருந்தால் தவறவிடாதீர்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், தோளில் விழும் முடிச்சுருள், முதுகில் இறங்கும் பூணூல், எல்லாம் முன்பக்கத்து அக்கறையோடு செய்திருப்பார்கள். வீதியுலாவில் அலங்காரம் செய்து பட்டும் மாலையும் சாத்திய பிறகு பார்க்கக் கிடைக்காத இடங்கள் இவை. பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால் அது தண்டு செருகித் தோளில் தூக்குவதற்கு. சில முகங்களில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும்; தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த கைகளின் வேலை. அந்த மழுங்கலைக் கோட்டில் கொண்டுவர முயன்று பாருங்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

முடிந்தால் முந்தின நாள் சுவாமிமலைக்குப் போய் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் நின்று பாருங்கள். தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பதும், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடிப்பதும், அதன் மேல் காவிரி வண்டல் பூசி அச்சாக்குவதும், மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதும் தெரிந்துவிட்டால், கலைக்கூடத்தில் உலோகத்தைப் பார்க்கும்போது விரல் அழுத்திய மெழுகு கண்ணில் படும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒன்று போல இன்னொன்று கிடையாது.

சிலைகளோடு ஓய்ந்துபோனால் கட்டடத்துக்கு வாருங்கள். நாயக்கர் கட்டி மராட்டியர் வாழ்ந்த அரண்மனை. வளைவும் தூணும் சுண்ணாம்புக் காரையில் இழைத்தவை. அதனால் ஸ்கேலைத் தொடாதீர்கள். எந்த முனையும் கூராக இல்லை, நேர்கோடு போட்டால் புதுக் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். நான் முதலில் நிழல்களை மட்டும் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துக்கொள்வேன். தூணுக்குப் பின் நிழல், வளைவுக்குள் நிழல். வெளிச்சம் தாளின் வெள்ளையாகவே மிஞ்சட்டும். கோடு கடைசியில், வேண்டுமென்றால் மட்டும்.

அரண்மனைக் கோபுரம் ஒன்றில் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள். அரண்மனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் சும்மா அந்த விலா எலும்புகளை வரைந்தேன். அதே பக்கத்தில் ஏற்கெனவே போட்டிருந்த வளைவு வரிசையும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. எரிச்சல் போய்விட்டது.

தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் சரபோஜி மன்னரின் வெள்ளைப் பளிங்குச் சிலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செய்தது. வெண்கலம் பார்த்த கண்ணுக்கு இது குளிர்ந்து கிடக்கும், துணி மடிப்பில் அளவுக்கு மீறிய சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதே பிளாக்ஸ்மன் செதுக்கிய இன்னொன்று, தனக்கு ஆசானாக இருந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரைச் சாகக் கிடக்கையில் சரபோஜி பார்க்க வந்த காட்சி, சிவகங்கைப் பூங்கா பக்கத்து தேவாலயத்தில் இருக்கிறது. அது என்னைத் தொட்டது. தேவாலயம் பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைத் திருத்தாதீர்கள். ஓரத்தில் தேதியும், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் மட்டும் எழுதுங்கள். என்னிடம் அந்தக் காளை இல்லாத இடம் பதினாலு தாளில் இருக்கிறது. பேத்தி ஒன்றில் மாட்டை வரைந்து, கழுத்தில் மணியும் கட்டிவிட்டாள்.